நீர்க்கடுப்பு: சிரப்பும் பார்லியும் எதுவரை, ஆஸ்பத்திரி எப்போது?

கேள்வி: தக்காளிமண்டி, பாலக்கோடு

எல்லோருக்கும் வணக்கம். மகளிர் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தப்பாக எதுவும் சொல்லிவிடக் கூடாது என்பதால் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தக்காளி பறிப்பு, களையெடுப்பு, சீசன் வந்தால் கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஃபேக்டரி என்று வேலை. விடிகாலையில் வண்டி ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு. காட்டில் ஒதுங்க இடம் இல்லை, ஃபேக்டரியில் நினைத்த நேரத்துக்கு விடமாட்டார்கள். அதனால் தண்ணீரையே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். சித்திரை, வைகாசி வந்தால் ஆளாளுக்கு நீர்க்கடுப்பு.

"சூடு பிடிச்சுக்கிச்சு" என்று தொப்புளில் விளக்கெண்ணெய், கால் கட்டைவிரலில் சுண்ணாம்பு, இளநீர், பார்லித் தண்ணீர் என்று ஆரம்பிப்பார்கள். அடங்கவில்லை என்றால் மெடிக்கலில் ஒரு சிரப்பும் இரண்டு வேளைக்கு மாத்திரையும். அதோடு மறுபடி வேலைக்கு.

நான் கேட்பது நான்கு விஷயம். வெறும் சூட்டு எரிச்சலையும் கிருமித் தொற்றையும் வீட்டிலேயே பிரித்துப் பார்க்க வழி உண்டா? வீட்டு வைத்தியத்தில் எத்தனை நாள் இருக்கலாம்? யார் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது? யூரின் டெஸ்ட் எழுதினால் எப்படிப் பிடித்துக் கொடுப்பது?

---

பதில்: பொதுமருத்துவர், தர்மபுரி

நல்ல கேள்வி, அதுவும் வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள்.

வெயிலில் தண்ணீர் இல்லாமல் நாள் முழுக்க நின்றால் சிறுநீர் குறைந்து, கெட்டித்து, அடர் மஞ்சளாக எரிச்சலோடு போகும். நீர்ச்சுருக்கு என்பது இதுதான். இதில் சிறுநீர் போகும் தடவை குறையும். நிழலில் உட்கார்ந்து மணிக்கு இரண்டு டம்ளர் வீதம் குடித்துக்கொண்டு வந்தால், சில மணி நேரத்தில் நிறம் வெளுக்கும், எரிச்சலும் கூடவே போய்விடும். ராத்திரி படுக்கும்போது ஒன்றும் இருக்காது.

தொற்றில் இதற்கு நேர்மாறு. தடவை கூடும். போய்விட்டு எழுந்த அடுத்த நிமிடமே மறுபடி முட்டும், உட்கார்ந்தால் நாலு சொட்டு. போய் முடிக்கும் நேரத்தில் சுருக்கென்று இழுக்கும். அடிவயிற்றில், தொப்புளுக்குக் கீழே எலும்புக்கு மேல் கனமாக வலிக்கும். கலங்கலாகவோ, இளஞ்சிவப்பாகவோ போகலாம். முக்கியமான அடையாளம் இது: தண்ணீர் குடித்து நிறம் வெளுத்த பிறகும் எரிச்சலும் முட்டலும் நிற்காது. அப்படியானால் சூடு என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரிப்பு, தயிர்போல வெள்ளைப்படுதல், சிறுநீர் வெளித்தோலில் படும்போது மட்டும் எரிச்சல் என்றால் அது பெரும்பாலும் பிறப்புறுப்புத் தொற்று. அதற்கு மருந்து வேறு. ஆன்டிபயாடிக் போட்டால் பூஞ்சைத் தொற்று இன்னும் கூடும்.

காரணம் பெரும்பாலும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா. மலத்துவாரத்தின் பக்கமிருந்து சிறுநீர்ப் பாதைக்கு ஏறுகிறது. பெண்களுக்கு அந்தப் பாதை சுமார் 4 செ.மீ.தான், அதனால்தான் அவர்களுக்கு அதிகம். ஏறிய கிருமியை வெளியே தள்ள உடம்புக்கு இருக்கும் முதல் வழியே சிறுநீர் போவதுதான். சாதகமான சூழலில் ஈ.கோலை சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். எட்டு மணி நேரம் அடக்கி வைத்தால் என்ன ஆகும் என்று உங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னாலே புரிந்துகொள்வார்கள்.

வீட்டில் பார்க்கலாம் என்பது யாருக்கு என்றால்: கர்ப்பம் இல்லை, சர்க்கரை நோய் இல்லை, சிறுநீரகக் கல்லோ வேறு கோளாறோ இல்லை, 65 வயதுக்குக் கீழே, எரிச்சலும் அடிக்கடி போவதும் மட்டும்தான், காய்ச்சல் கிடையாது. அப்படிப்பட்ட பெண் 24 மணி நேரம், மிஞ்சிப் போனால் 48 மணி நேரம் பார்க்கலாம். இதில் சிலருக்குத் தானாகவே சரியாகிவிடும் என்பது உண்மை. யாருக்குச் சரியாகும், யாருக்கு மேலே சிறுநீரகத்துக்கு ஏறும் என்று முதல் நாளில் யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தக் கெடு. நடுவில் கூடிக்கொண்டே போனால் கெடு முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: நாளெல்லாம் பரவலாக 2 முதல் 2.5 லிட்டர் தண்ணீர். ஒரே மூச்சில் நாலைந்து லிட்டர் குடிப்பது ஆபத்து, ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். வலிக்கு பாரசிட்டமால் 650 மி.கி., ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு, நாளுக்கு 4-க்கு மேல் வேண்டாம். அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம். காபி, டீ குறைத்துக்கொள்ளலாம், முட்டலைத் தூண்டும். முட்டினால் அடக்காமல் போய்விட வேண்டும்.

ஐபுரூஃபன் போட்டால் போதாதா என்று படித்தவர்கள் கேட்பார்கள். 2015-இல் ஜெர்மனியில் இதை ஆன்டிபயாடிக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஐபுரூஃபன் எடுத்த பெண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆன்டிபயாடிக் இல்லாமலே தேறினார்கள். ஆனால் அவர்களுக்கு உபாதை நீண்டது, சிறுநீரகத் தொற்றும் அந்தப் பக்கம்தான் கூடுதலாகத் தெரிந்தது. வெயிலில் வற்றிப்போன உடம்போடு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றும் தெரியாமல் இந்த வகை வலி மாத்திரையைப் போட நான் சொல்லமாட்டேன்.

இனி காத்திருக்கவே கூடாதவர்கள். கர்ப்பிணி, எந்த மாதமாக இருந்தாலும். ஆண்கள். குழந்தைகள், அதிலும் 2 வயதுக்குள் காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் யூரின் பார்த்தே ஆக வேண்டும். சர்க்கரை நோயாளிகள், கல் இருப்பவர்கள், யூரின் டியூப் போட்டவர்கள், டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகக்காரர்கள்.

யாராக இருந்தாலும் அன்றைக்கே கிளம்ப வேண்டிய அறிகுறி: 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல், பல் கிட்டும் குளிர் நடுக்கம், முதுகில் விலாவுக்குக் கீழே ஒரு பக்க வலி, வாந்தி, கண்ணுக்குத் தெரியும் ரத்தம். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலும், ஆள் மயங்கினாலும், பேச்சு குழறினாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். தொற்று ரத்தத்தில் கலந்தால் மணிக்கணக்கில் நிலைமை மாறும்.

விளக்கெண்ணெயும் சுண்ணாம்பும் கிருமியை ஒன்றும் செய்யாது. தொப்புளில் எண்ணெய் வைப்பதால் கெடுதல் இல்லை, வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அதை வைத்துவிட்டு இரண்டு நாள் கழிப்பதுதான் கெடுதல்.

---

பதில்: அரூர் மருந்தாளுநர்

கவுன்டர் பக்கம் இருந்து சில விஷயம்.

அந்த சிரப்பில் இருப்பது டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட். சிறுநீரின் அமிலத்தைக் குறைத்துக் காரமாக்கும், அதனால் எரிச்சல் தணியும். 15 மி.லி. எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து நாளுக்கு 2 அல்லது 3 வேளை. கலக்காமல் அப்படியே குடித்தால் வயிற்றைப் புரட்டும். அது கிருமியைக் கொல்லும் மருந்து அல்ல. எரிச்சல் நின்றதும் நோய் போய்விட்டது என்று எடுத்துக்கொள்வதுதான் நடக்கும் பெரிய தப்பு. உள்ளே தொற்று அப்படியே இருக்க, மூன்றாம் நாள் விலா வலியோடு வந்து நிற்பார்கள்.

சிரப்பில் சோடியம் நிறைய. ரத்தக் கொதிப்பு, இதய வீக்கம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் குடிக்கக் கூடாது. இதற்குப் பதிலாக வீட்டில் ஆப்ப சோடாவைக் கரைத்துக் குடிப்பதும் அதே காரணத்தால் வேண்டாம்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று. டாக்டர்கள் நீர்க்கடுப்புக்கு இப்போது முதலில் எழுதுவது நைட்ரோஃபுரான்டாயின் என்ற ஆன்டிபயாடிக். அது அமிலச் சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். கூடவே வீட்டில் மிச்சம் இருக்கும் சிட்ரேட் சிரப்பையும் குடித்தால் மருந்தின் வேகத்தை நாமே குறைக்கிறோம். சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின் எடுப்பவர்களுக்கு வேறு சிக்கல்: சிறுநீர் காரமானால் மருந்தே படிகமாகப் படியலாம். ஆக, ஆன்டிபயாடிக் தொடங்கினால் சிரப்பை நிறுத்தலாமா என்று சீட்டு எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இரண்டு வேளை மாத்திரை பற்றி. வழக்கமாகக் கேட்டு வாங்குவது நார்ஃப்ளாக்சசின் அல்லது செஃபிக்சிம். சீட்டு இல்லாமல் கேட்பதும் தப்பு, கொடுப்பதும் தப்பு. பட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டிருப்பதே அதற்குத்தான். நம் நாட்டு ஈ.கோலை இந்த இரண்டு வகைக்கும் பெரிய அளவில் எதிர்ப்பு வளர்த்துவிட்டது. அது போக, இரண்டு வேளையில் கிருமி சாகாது, மட்டுப்படும். பாதி மருந்தில் பிழைத்தது திரும்ப வளரும். அப்புறம் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) கொடுத்தாலும் ஒன்றும் வளராது, எந்த மருந்து கேட்கும் என்று டாக்டருக்கும் தெரியாமல் போகும்.

சீட்டோடு வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. நைட்ரோஃபுரான்டாயின் 100 மி.கி. நீடித்து வேலை செய்யும் வகை வழக்கமாக 2 வேளை, 5 நாள். சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் குமட்டும். சிறுநீர் பழுப்பாகப் போகும், பயந்து நிறுத்த வேண்டாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், பிரசவ நாள் நெருங்கியவர்களுக்கும், ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணு எளிதில் உடையும் பரம்பரைக் கோளாறு) உள்ளவர்களுக்கும் ஆகாது. மேலே சிறுநீரகம் வரை ஏறிய தொற்றுக்கும் இது போதாது, ஏனென்றால் சிறுநீரில் சேரும் அளவுக்கு இது திசுவில் சேராது.

ஃபோஸ்ஃபோமைசின் என்றால் 3 கிராம் பொடி, ஒரே வேளை. அரை டம்ளர் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். வெந்நீரில் கரைக்கக் கூடாது. ராத்திரி சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஆன பிறகு, சிறுநீர் போய்விட்டு வந்து குடித்துவிட்டுப் படுத்தால் மருந்து சிறுநீர்ப் பையில் நீண்ட நேரம் தங்கும். ஒரு பொட்டலம்தானா என்று சந்தேகப்பட்டு மறுநாள் இன்னொன்று வாங்க வருகிறார்கள். தேவையில்லை, எரிச்சல் முழுதாக அடங்க இரண்டு மூன்று நாள் ஆகும்.

சிப்ரோ வகையைப் பால், தயிர், அமிலம் தணிக்கும் ஜெல், இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து எடுத்தால் குடலிலேயே கட்டிக்கொண்டு ரத்தத்தில் சேராது. 2 மணி நேரம் முன்னதாக எடுக்க வேண்டும்.

---

பதில்: லேப் டெக்னீஷியன், கிருஷ்ணகிரி

நான்காவது கேள்விக்கு.

டாக்டர் இரண்டு விதமாக எழுதுவார். ஒன்று சாதாரண யூரின் டெஸ்ட். சர்க்கரை, புரதம், பஸ் செல் (சீழ் அணு), ரத்தச் செல் பார்ப்பது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்வார்கள். இன்னொன்று கல்ச்சர். தட்டில் தடவி 37 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம் வளர்த்து, வளர்ந்ததை எடுத்து எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்று மறுபடி ஒரு நாள் பார்க்க வேண்டும். அதனால் 2, 3 நாள் ஆகும். தர்மபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், கிருஷ்ணகிரியில் போலுப்பள்ளியில் இருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நுண்ணுயிரியல் துறை இருக்கிறது.

பிடிக்கும் முறை. லேபில் கொடுக்கும் திருகு மூடி டப்பாவில்தான் பிடிக்க வேண்டும். கழுவிய மருந்து பாட்டில், ஹார்லிக்ஸ் பாட்டில் எல்லாம் ஆகாது. முதலில் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறப்புறுப்பை வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவித் துடையுங்கள். டெட்டால் ஊற்றிக் கழுவாதீர்கள், அது டப்பாவில் சொட்டினால் கிருமி செத்து முடிவு தப்பாக வரும். ஒரு கையால் இதழ்களை விரித்துப் பிடித்துக்கொண்டு, முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, ஓட்டம் நிற்காமலே நடுவில் டப்பாவை நீட்டி கால் டப்பா, அதாவது 20, 30 மி.லி. பிடித்து, கடைசியை மறுபடி வெளியே விடுங்கள். டப்பாவின் விளிம்பு உடம்பில் படக் கூடாது, உள்பக்கம் விரல் படக் கூடாது. மூடியைக் கழற்றிக் கீழே கவிழ்த்து வைக்காதீர்கள்.

நேரம்தான் நம் மாவட்டங்களில் பெரிய தகராறு. பென்னாகரத்திலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ விடிகாலையில் வீட்டில் பிடித்து, பையில் வைத்து, பஸ்ஸில் கொண்டு வருவார்கள். வெயில் காலத்தில் அந்த டப்பாவுக்குள் கிருமி வளர்ந்துகொண்டே வரும். பிடிக்கும்போது தோலில் இருந்து விழுந்த கொஞ்சமும் வந்து சேரும்போது லட்சமாக நிற்கும். அதனால் லேபுக்கு வந்து பிடிப்பதே மேல். கிளம்பும்முன் வீட்டில் போகாமல் வந்தால் போதும். வீட்டில்தான் பிடித்தாக வேண்டும் என்றால் 2 மணி நேரத்துக்குள் கொடுங்கள், இல்லையென்றால் ஃபிரிட்ஜில் வைத்து, ஐஸ் போட்ட பையில் கொண்டு வாருங்கள்.

ஆன்டிபயாடிக் முதல் மாத்திரை போடுவதற்கு முன்பே சாம்பிள் கொடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே ஒன்று போட்டிருந்தாலும் மறைக்காமல் பெயரைச் சொல்லுங்கள், சீட்டில் எழுதுவோம். மாதவிலக்கு நாள் என்றாலும் சொல்லுங்கள், ரத்தச் செல் அதிகமாகத் தெரியும்.

முடிவுத்தாளைப் பார்ப்பதில் ஒரு விஷயம். எபிதீலியல் செல் (தோல் பரப்பிலிருந்து உதிரும் அணு) ஏராளம் என்றோ, கல்ச்சரில் பல வகைக் கிருமி கலந்து வளர்ந்தது என்றோ வந்தால் சாம்பிள் தோலில் பட்டுக் கெட்டது என்று அர்த்தம். அதை வைத்து மருந்து சாப்பிடாமல் மறுபடி பிடித்துக் கொடுங்கள். ஒரே வகைக் கிருமி மி.லி.க்கு ஒரு லட்சம் என்று வந்தால் தொற்று என்பது தெளிவு. உபாதை இருக்கும் பெண்ணுக்கு அதைவிடக் குறைவாக வந்தாலும் டாக்டர் கணக்கில் எடுப்பார். பஸ் செல் நிறைய, கல்ச்சரில் ஒன்றுமே வளரவில்லை என்று திரும்பத் திரும்ப வந்தால் அதை விட்டுவிடக் கூடாது. முன்பே போட்ட மாத்திரை, கல், பாலியல் தொற்று, சில சமயம் சிறுநீரகக் காசநோயும் அப்படிக் காட்டும்.

---

தக்காளிமண்டி:

ரொம்ப நன்றிங்க. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம். குழுவில் வயதான அம்மாக்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக எதுவும் சொல்ல வேண்டுமா? பார்லி, நெருஞ்சில், வாழைத்தண்டு இதெல்லாம் முழுக்க வேண்டாமா? தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னால் "போர் தண்ணியில ஃப்ளோரைடு, அதைப் போய் நிறையக் குடிக்கச் சொல்றியா" என்று கேட்பார்கள்.

---

பதில்: சித்த மருத்துவர், பென்னாகரம்

முழுக்க வேண்டாம் என்று இல்லை, எதற்கு என்று தெரிந்து குடித்தால் போதும். நெருஞ்சில், நீர்முள்ளி, சிறுபீளை மூன்றும் சித்த மருத்துவத்தில் நீர் பெருக்கிகள். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பீளைப்பூச் செடிதான் சிறுபீளை. இவை சிறுநீரைக் கூட்டும், நீர்ச்சுருக்குக்கு ஏற்றவை. காய்ச்சலும் விலா வலியும் வந்த தொற்றை இவற்றை வைத்துச் சமாளிக்க நானே சொல்லமாட்டேன், ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன்.

பார்லி: 50 கிராம் முழு பார்லியைக் கழுவி, ஒன்றரை லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மெதுவாகக் கொதிக்கவிட்டு வடித்து, ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரை சேர்க்க வேண்டாம். அன்றே குடித்து முடிக்க வேண்டும், நம் ஊர் வெயிலில் மாலைக்குள் புளித்துவிடும். இதன் பலன் பெரும்பகுதி அதில் இருக்கும் தண்ணீர்தான். வெறும் தண்ணீர் இறங்காதவர்களுக்கு இதுவும் நீர்மோரும் நல்ல வழி.

இளநீரிலும் வாழைத்தண்டுச் சாற்றிலும் பொட்டாசியம் அதிகம். கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வடிகட்டாதபோது ரத்தத்தில் ஏறும் கழிவு) கூடியவர்களுக்கும், ரத்தக் கொதிப்புக்கு டெல்மிசார்டன், எனலாப்ரில் வகை எடுப்பவர்களுக்கும் தினமும் டம்ளர் டம்ளராகக் கொடுக்கக் கூடாது. சிறுநீரகம் பழுதாகித் தண்ணீர் அளவு குறித்துக் கொடுக்கப்பட்டவர்கள் எந்தக் கஷாயத்தையும் அந்தக் கணக்குக்குள்தான் குடிக்க வேண்டும். சாலையோரம் பறித்த செடியை அடையாளம் சரியாகத் தெரியாமல் காய்ச்ச வேண்டாம். அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

---

பதில்: குடிநீர் பரிசோதகர்

தண்ணீர் கேள்விக்கு மட்டும். ஃப்ளோரைடு பயம் நியாயமானது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு லிட்டருக்கு 1.5 மி.கி.; நம் இரண்டு மாவட்டத்திலும் அதைத் தாண்டிய ஆழ்துளைக் கிணறுகள் பல. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான், 2013-இல் தொடங்கியது. குடிக்கவும் சமைக்கவும் அந்தக் குழாய்த் தண்ணீர், துவைக்கக் குளிக்க போர் தண்ணீர் என்று பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி இன்னும் செறிவாகும். வேலைக்குப் போகும்போது ஒகேனக்கல் தண்ணீர் 2 லிட்டர் கேனில் எடுத்துப் போவதுதான் வழி, காட்டில் போய் மோட்டார் தண்ணீரை நம்ப வேண்டாம். ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும். நீர்க்கடுப்புக்கு அது காரணம் இல்லை. அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது நீர்க்கடுப்பைத்தான் கொண்டுவரும்.

---

பதில்: பொதுமருத்துவர், தர்மபுரி

சர்க்கரை உள்ள அம்மாக்களுக்குக் கட்டாயம் தனியாகச் சொல்லுங்கள். நரம்பு மழுங்கியிருந்தால் எரிச்சல் பெரிதாகத் தெரியாது, சிறுநீர்ப் பை முழுதாகக் காலியும் ஆகாது. தேங்கிய சிறுநீரில் கிருமி வளரும், நேராகக் காய்ச்சலாகத்தான் வெளிப்படும். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, சோர்ந்து படுத்திருக்கிறார், பேச்சு சம்பந்தமில்லாமல் இருக்கிறது, சர்க்கரை காரணமில்லாமல் ஏறியிருக்கிறது என்றால் அழைத்து வந்துவிடுங்கள். மாத்திரை கொடுக்க வரும் மக்களைத் தேடி மருத்துவம் பணியாளரிடம் சொன்னாலும் அவர் வழிகாட்டுவார்.

அவர்கள் சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள், இரண்டு காரணத்துக்காக. கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு சிப்ரோ, லீவோஃப்ளாக்சசின், கோ-ட்ரைமாக்சசோல் எதைக் கொடுத்தாலும் சர்க்கரை திடீரென இறங்கலாம். வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரும். டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை போய்க்கொண்டே இருக்கும், அதனால் பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு வரும். அதை நீர்க்கடுப்பு என்று நினைத்து ஆன்டிபயாடிக் போடுவதைப் பார்க்கிறோம். வாந்தி, சாப்பாடு இல்லை என்ற நாளில் அந்த மாத்திரையைத் தொடரலாமா என்று அன்றைக்கே கேட்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. வயதானவர்களுக்கு எந்த உபாதையும் இல்லாமல், வேறு எதற்கோ எடுத்த டெஸ்டில் கிருமி தெரியும். நாற்றம் மட்டும் இருக்கும். அதற்கு மருந்து வேண்டியதில்லை, சர்க்கரை இருந்தாலும்கூட. கர்ப்பிணிக்கு மட்டும் அப்படி விடமாட்டோம்: உபாதையே இல்லாவிட்டாலும் கல்ச்சரில் கிருமி என்றால் மருந்து கொடுத்தே தீர வேண்டும், இல்லையேல் சிறுநீரகத் தொற்றுக்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் வழி. மருந்து முடிந்த பின் அவர்களுக்கு மறுபடி கல்ச்சர் பார்ப்போம். மற்றவர்களுக்கு உபாதை நின்றுவிட்டால் மறு டெஸ்ட் வேண்டாம்.

மாதவிலக்கு நின்றவர்களுக்கு அடிக்கடி வந்தால், பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் திரும்ப வருவதைக் குறைக்கும். வெட்கப்பட்டுக் கேட்காமல் இருந்துவிடுகிறார்கள். 6 மாதத்தில் 2 தடவை அல்லது வருடத்தில் 3 தடவை வந்தால் யாராக இருந்தாலும் கல்ச்சரும், கல் அல்லது தேக்கம் இருக்கிறதா என்று ஸ்கேனும் பார்க்க வேண்டும்.

திரும்ப வராமல் இருக்க: கழுவும்போது முன்னிருந்து பின்னாக, உறவுக்குப் பின் சிறுநீர் போவது, உள்ளே சோப்பு போடாமல் இருப்பது, மலச்சிக்கலைக் கவனிப்பது. தண்ணீருக்கு மட்டும் கையில் காட்ட ஆதாரம் இருக்கிறது. 2018-இல் வெளியான ஆய்வில், அடிக்கடி நீர்க்கடுப்பு வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களில் பாதிப் பேரை வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்க வைத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்கு சராசரி 1.7 தடவை வந்தது, மற்றவர்களுக்கு 3.2.

இதை வைத்து ஃபேக்டரி சூப்பர்வைசரிடமும் பேசலாம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்கு விடச் சொல்லுங்கள். சட்டப்படி பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் குடிநீரும் வைப்பது நிர்வாகத்தின் கடமை. தக்காளிக் காட்டில் தோட்டக்காரரிடம் நாலு கம்பு நட்டு சாக்கு கட்டிய மறைப்பு கேட்டு வாங்குங்கள், குழுவாகக் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

---

தக்காளிமண்டி:

கேட்கிறோங்க. கடைசியாக ஒன்று: ஆன்டிபயாடிக் தொடங்கி எத்தனை நாளில் குணம் தெரியவில்லை என்றால் திரும்பப் போக வேண்டும்?

---

பதில்: பொதுமருத்துவர், தர்மபுரி

48 மணி நேரம். அதற்குள் எரிச்சல் பாதியாவது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் கல்ச்சர் முடிவை வாங்கிக்கொண்டு வாருங்கள், மருந்தை மாற்றுவோம். நடுவில் காய்ச்சலோ விலா வலியோ வந்தால் 48 மணி நேரத்தைப் பார்க்க வேண்டாம். குறைந்துவிட்டால் எழுதிக் கொடுத்த நாள் முழுக்க முடிக்க வேண்டும். மிச்சம் வைத்து அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது.